தச்சு வகுப்பில் நிழற்படம்: சான்றோ, கண்ணோ?

கைத்தொழில் கற்பிக்கும் வகுப்பில் நிழற்படக் கருவிக்கு என்ன வேலை என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். உளியும் வாளும் பிடிக்க வேண்டிய கையில் படக்கருவி எதற்கு என்று கேட்போர் உண்டு. காலத்திற்கு ஏற்ற கருவி எதுவாயினும் பள்ளிக்குள் வரட்டும் என்போரும் உண்டு. இரு திறத்தாரும் கருவியைப் பற்றியே பேசுகின்றனர். அக்கருவியால் எடுக்கும் படம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதை இருவரும் கேட்பதில்லை. அதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டுரியான் துங்கால், அலோர் காஜா, ஜாசின் முதலிய மலாக்கா மாநிலத்து ஊர்களில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர்க்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் சிக்கல் அன்று. ஏன் என்பதை இக்கட்டுரையின் போக்கில் காண்போம்.

ஒரு தேர்க்காலும் ஒரு திங்களும்

தச்சுத் தொழிலைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய கருத்துகளுள் ஒன்று புறநானூற்றின் 87ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமையைப் பகைவர்க்கு உணர்த்த விரும்பிய ஔவையார், அவனை ஒரு தேர்க்காலுக்கு ஒப்பிடுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்துவிட வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைத் தேர்க்கால் அது. அரசனைப் புகழும் பாட்டு என்றே இதனைப் படித்து வந்திருக்கிறோம். கல்வி நோக்கிலும் இதனைப் படிக்கலாம். தச்சனின் திறமை எட்டுத் தேர் என்ற எண்ணிக்கையில் தெரிகிறது. அவன் மேன்மையோ, எட்டுத் தேர் செய்யக் கூடியவன் ஒரு காலுக்கு ஒரு திங்களைக் கொடுத்தான் என்பதில் இருக்கிறது.

அந்தத் தேர்க்காலை ஒருவர் இன்று நிழற்படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விரைவில் செய்த காலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அப்படத்தில் தெரியுமா? இரண்டும் வட்டமாகவே இருக்கும். இரண்டுக்கும் ஆரங்கள் இருக்கும். செலவிட்ட ஒரு திங்கள் படத்தில் விழாது. ஔவையார் அதனைச் சொல்லால் காட்டினார். முடிந்த பொருளின் படம் செய்த முறையைக் காட்டுவதில்லை என்ற இந்த எளிய உண்மையிலிருந்தே நம் ஆராய்ச்சி தொடங்க வேண்டும்.

பாடமும் படமும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இன்று கைவினைக்கு இடம் தரும் பாடம் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்பது. ஆசிரியர் வழக்கில் ஆர்.பி.டி. தர அடிப்படையிலான கலைத்திட்டம் 2014இல் நான்காம் ஆண்டு வகுப்பை எட்டியபோது, முன்னர் வாழ்வியல் திறன் என்று வழங்கிய பாடத்தின் இடத்தில் இது அமர்ந்தது. இடைநிலைப்பள்ளியில் 2017ஆம் ஆண்டு முதலாம் படிவத்திலிருந்து இம்மாற்றம் நிகழ்ந்தது. பெயர் மாற்றத்தில் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. ஆசிரியர் காட்டும் ஒரு பொருளைப் பார்த்து அதுபோலச் செய்து முடிப்பது மட்டும் பாடமன்று. தேவையைக் கண்டறிதல், வரைந்து பார்த்தல், ஏற்ற பொருளைத் தேர்தல், செய்தல், சோதித்தல், திருத்துதல் என்ற வரிசை முழுவதும் பாடமாகும். மரம் இப்பாடத்திற்குரிய பல பொருள்களுள் ஒன்று. இவ்வரிசையை மிகத் தெளிவாகக் கற்பிப்பதும் அதுவே. ஏனெனில் மரத்தில் வெட்டிய வெட்டு மீளாது.

இத்தகைய பாடத்தில் எடுக்கப்படும் படம் எவ்வாறு இருக்கிறது? பள்ளி ஆண்டு மலர்களில் பெரும்பாலும் காண்பது ஒரே அமைப்புடைய படம். பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். செய்த பெட்டியையோ எழுதுகோல் தாங்கியையோ மார்பளவில் ஏந்தியிருக்கின்றனர். ஓரத்தில் ஆசிரியர்; மேலே நிகழ்ச்சியின் பெயர் எழுதிய பதாகை. ஒரு பாட்டைத் திறனாய்வதுபோல இப்படத்தையும் சற்றுத் திறனாய்ந்து பார்ப்போம்.

ஒளி எங்கே விழுகிறது? முகங்களில் விழுகிறது. மறைந்திருப்பது எது? பலகையும் பலகையும் கூடும் மூலை, பிள்ளையின் விரல்களுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மரத்தின் இழையோட்டம் தெரியவில்லை. கருவிகள் படத்திலேயே இல்லை. மேசையைத் துடைத்துச் சுத்தம் செய்த பின்னரே படம் எடுத்திருக்கிறார்கள். கை இருக்கிறது; ஆனால் அது பொருளை ஏந்தும் கையாக இருக்கிறதேயன்றிச் செய்யும் கையாக இல்லை. இப்படம் ஒரு கேள்விக்கு விடை கூறுகிறது: நிகழ்ச்சி நடந்ததா? நடந்தது. மூலை எப்படிப் பொருந்தியது, முதல் வெட்டு ஏன் கோணியது, இரண்டாம் வெட்டு எப்படித் திருந்தியது என்ற கேள்விகளுக்கு இதில் விடை இல்லை. இப்படம் தீயது என்று கூறவில்லை. பெற்றோர் இதைக் கண்டு மகிழ்வர்; மகிழட்டும். இது நினைவுப் படம். பாடப் படம் வேறு.

நினைவுப் படம் பாடப் படத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பள்ளிசார் மதிப்பீடு 2011இல் தொடங்கியபோது, ஒவ்வொரு பிள்ளை அடைந்த நிலைக்கும் சான்று திரட்டிக் கோப்பில் வைக்கும் கடமை ஆசிரியர் தலையில் விழுந்தது. குறை கூறும் குரல்கள் நாடெங்கும் எழுந்தன; 2014இல் அம்முறை திருத்தப்பட்டுச் சுமை குறைக்கப்பட்டது. இன்றைய வகுப்புசார் மதிப்பீடு பிள்ளையின் அடைவை 1 முதல் 6 வரையுள்ள நிலைகளில் குறிக்கிறது. அருகிலிருந்து பார்க்கும் ஆசிரியரின் தீர்ப்பை மதிக்கிறது. எனினும் சட்டம் மாறியவுடன் பழக்கம் மாறிவிடுவதில்லை. படம் என்றால் மேலிடத்திற்குக் காட்டும் சான்று என்ற எண்ணம் இன்னும் நிலைத்திருக்கிறது. ஆதலின் படக்கருவி ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. அது பிள்ளையின் முகத்தை நோக்கியே திரும்பியிருக்கிறது.

யாருடைய கண்?

வேலை செய்யும் கையை நிழற்படம் எடுப்பது புதிதன்று. அமெரிக்க நாட்டில் 1910களில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற கணவன் மனைவியர் தொழிலாளரின் கைகளில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, இருண்ட அறையில் நீண்ட நேரம் ஒளிவாயைத் திறந்துவைத்துப் படம் எடுத்தனர். கை சென்ற வழி முழுவதும் ஒளிக்கோடாகப் படத்தில் பதிந்தது. அக்கோட்டைப் பார்த்துக் கம்பியை வளைத்து உருவமும் செய்தனர். வீண் அசைவைக் களைந்தால் உழைப்பவனின் களைப்புக் குறையும் என்பது அவர்கள் கூற்று. ஆனால் எந்த அசைவு வீண், எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது? பெரும்பாலும் ஆலையை நடத்துவோரிடம் இருந்தது. தன் கையின் கோட்டைத் தொழிலாளி பார்த்திருக்கலாம். அதற்குப் பொருள் கூறும் உரிமை அவனுக்கு இல்லை.

இதற்கு எதிரான முயற்சி ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. இலண்டன் கோல்டுசுமித்சு கல்லூரியில் ரிச்சர்டு கிம்பெல் தலைமையில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் ‘இ-ஸ்கேப்’ என்ற ஆராய்ச்சி தொடங்கிற்று. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பயிலும் மாணவர் கையிலேயே படம் எடுக்கும் சிறு கணினியைக் கொடுத்தனர். இரண்டு முற்பகல்களாக, மொத்தம் ஆறு மணி நேரம் வேலை. குறித்த இடைவெளிகளில் மாணவர் தாம் அதுவரை செய்ததைத் தாமே படம் எடுத்து, அதனருகில் தம் எண்ணத்தையும் பதிந்தனர். இம்முறை ஏன் தோன்றிற்று? அதுவரை இருந்த வழக்கப்படி மாணவர் வேலையை முடித்துவிட்டுப் பிறகு கோப்பை அழகுபடுத்தித் தொகுத்தனர். நடக்காத சிந்தனையையும் நடந்ததாக எழுதி நிரப்பினர். கோப்பு அழகாக அமைய அமைய, அதில் உண்மை குறைந்தது. வேலை நடக்கும்போதே எடுத்த படம் அழகற்றது. ஆனால் பொய் சொல்லாதது.

கருவி ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் இருவர் நோக்கமும் வேறு. கில்பிரெத் இணையரின் படத்தில் உழைப்பவன் பார்க்கப்படுகிறான். இ-ஸ்கேப் படத்தில் உழைப்பவன் பார்க்கிறான். நம் பள்ளிகளில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்பதைப் படக்கருவி யார் கையில் இருக்கிறது என்பதே காட்டிவிடும்.

வரைபடம் எண்ணம், நிழற்படம் நிகழ்ச்சி

படக்கருவி வந்தால் வரையும் பழக்கம் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் நியாயமானதே. வரையும்போது கண் பொருளின் மீது நிமிடக்கணக்கில் தங்குகிறது. படம் எடுக்கும்போது ஒரு நொடிதான் தங்குகிறது. ஆதலின் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது பெரும்பிழை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு புதிய பயன் பிறக்கிறது. பிள்ளை வேலைக்கு முன் வரைவது அவன் எண்ணம். வேலைக்கு இடையில் எடுப்பது நிகழ்ச்சி. எண்ணத்திற்கும் நிகழ்ச்சிக்கும் இடையில் உள்ள வேறுபாடே அன்றைய பாடம்.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு சிறு பலகைகளைக் கூட்டி ஒரு பெட்டி செய்கிறான் பிள்ளை. வரைபடத்தில் நான்கு மூலைகளும் நேர்க்கோணம். பலகையின் முனையை அறுத்த பின், மூலைமட்டத்தை அம்முனையில் வைத்துச் சன்னலை நோக்கிப் பிடித்துப் பார்ப்பது தச்சர்களின் பழைய சோதனை. மட்டத்திற்கும் மரத்திற்கும் இடையே ஒளி தெரிந்தால் வெட்டுக் கோணல். இந்த ஒளிக்கீற்றை ஒருவன் பிடித்திருக்க, மற்றொருவன் அருகிலிருந்து படம் எடுக்கட்டும். திரையில் அதனைப் பெரிதாக்கினால், கண்ணுக்கு மயிரிழையாகத் தெரிந்த இடைவெளி எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும். ஒரு முனையில் இல்லாத ஒளி மறுமுனையில் ஏன் வந்தது? வாளை எந்தப் பக்கம் சாய்த்தான்? கோட்டின் மீதே அறுத்தானா, கழிவுப் பக்கத்தில் அறுத்தானா? “நீ கோணலாக அறுத்தாய்” என்று ஆசிரியர் கூறுவதற்கு முன் பிள்ளையே அதனைக் கண்டுவிடுகிறான். பிறர் சொல்லிக் கேட்ட குறை மனத்தில் புண்ணாகலாம்; தானே கண்ட குறை கையைத் திருத்தும்.

எண்முறைப் படக்கருவியின் தனிச்சிறப்பு, எடுத்தவுடன் பார்க்கலாம் என்பது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் செய்த முதற்கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. இன்றைய கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் பதிகிறது. படச்சுருள் இருந்த காலத்தில் ஒரு சுருளில் 36 படம். கழுவி அச்சிட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பெட்டி ஒட்டப்பட்டுவிடும். கோணலைத் திருத்த வழி இருக்காது. உடனே காணும் படம்தான் பட்டறைக்குப் பயன்படும்.

அதே கருவியில் ஒரு தீங்கும் உண்டு. பிடிக்காத படத்தை உடனே அழித்துவிடலாம். பிள்ளைகள் முதலில் அழிப்பது எதனை? தவறிய வெட்டின் படத்தைத்தான். எஞ்சுவன எல்லாம் நன்றாக வந்தவை. ஆண்டு முடிவில் கோப்பைத் திறந்தால் அப்பிள்ளை ஒருமுறையும் தவறாதவன்போலத் தோன்றுவான். தவறாதவன் கற்றது என்ன? ஆதலின் பட்டறையில் ஒரு விதி வேண்டும்: தவறிய வெட்டின் படத்தை அழிக்கக் கூடாது, திருத்திய வெட்டின் படத்தை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். ஏட்டில் அடித்துத் திருத்திய இடமே புலவரின் உழைப்பைக் காட்டுவதுபோல, இவ்விரு படங்களும் பிள்ளையின் உழைப்பைக் காட்டும்.

ரப்பர் மரத்தைப் படித்தல்

மலாக்கா மாநிலப் பிள்ளைகளுக்கு மரம் என்பது பாடப்பொருள் மட்டுமன்று. மலாயாவில் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் 1896இல் நட்டது இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான். அதன்பின் தோட்டங்கள் பெருகின; தமிழ்க் குடும்பங்கள் அங்கே வந்தன. ரப்பர் மரம் 25 அல்லது 30 ஆண்டு பால் தந்தபின் வெட்டப்படுகிறது. முன்பெல்லாம் அது விறகாயிற்று. ரப்பர்த் தாள்களைப் புகையூட்டும் கூடங்களிலும் செங்கல் சூளைகளிலும் எரிந்தது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும், ஆகையால் தச்சர் அதனைத் தீண்டவில்லை. போரான் சேர்ந்த மருந்தை மரத்துள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை வந்தபின் நிலைமை மாறிற்று. 1980களிலிருந்து மலேசிய மரத்தளவாடத் தொழிலுக்கு ரப்பர் மரமே முதுகெலும்பாயிற்று. மலாக்காவுக்குத் தெற்கே, ஜொகூரின் மூவார் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

பாட்டனும் பாட்டியும் வைகறையில் பால் வெட்டிய மரத்தின் இனம், இன்று பேரப்பிள்ளையின் மேசைமேல் வெளிர்மஞ்சள் பலகையாகக் கிடக்கிறது. அப்பலகையை அறுக்கும் முன் ஒரு படம் எடுக்கச் சொல்லலாம். பக்கத்திலிருந்து சாய்வாக விழும் ஒளியில் எடுத்தால் இழை ஓடும் திசை தெரியும். இழைப்புளி முன்னே விட்டுச்சென்ற தடமும் தெரியும். இழைக்கு எதிராக இழைத்தால் மரம் ஏன் பிய்ந்துவருகிறது என்பதற்கு அப்படமே விடை. இன்னொன்றும் காணலாம். வைரம் பாய்ந்த மரம் என்று நம் இலக்கியம் பேசும். ரப்பர்ப் பலகையில் வைரத்தையும் வெளிறையும் பிரித்துக் காண்பது அரிது. இரண்டும் ஒரே நிறமாக இருக்கும். பிள்ளை இதனைக் கண்டு தன் சொற்களில் எழுதினால், ‘வைரம்’ என்ற சொல் அகராதியிலிருந்து இறங்கி அவன் கைக்கு வருகிறது.

தடைகளும் விடைகளும்

தச்சுக்குக் கண்ணைவிட விரலே முதன்மை என்பர் சிலர். உண்மை. இழைத்த பலகையின் மேடு பள்ளத்தை விரல் நுனி அறியும் அளவுக்குப் படம் அறியாது. கூர்மையான இழைப்புளி எழுப்பும் ஒலியையும் மழுங்கிய இழைப்புளி எழுப்பும் ஒலியையும் படத்தில் கேட்க இயலாது. ஆதலின் ஒழுங்கு இதுவாக இருக்கட்டும்: முதலில் தடவிப் பார்க்க வேண்டும், பிறகு சொல்ல வேண்டும், அதன் பிறகே படம் எடுக்க வேண்டும். விரல் கண்டதை உறுதி செய்யவோ மறுக்கவோ படம் உதவலாம். விரலின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

படமும் பொய் சொல்லும் என்பதை மறத்தல் ஆகாது. கைப்பேசியை மிக அருகில் வைத்து எடுத்தால் நேரான பலகையும் வளைந்து தோன்றும்; சாய்த்து எடுத்தால் நேர்க்கோணமும் விரிந்து தெரியும். பலகைக்கு நேரே கருவியைப் பிடித்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்கப் பழக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படத்தில் பிளவு பெரிதா சிறிதா என்று யாராலும் கூற முடியாது. படத்தை ஐயுற்று நோக்கும் இப்பழக்கம் பட்டறைக்கு வெளியிலும் இக்காலப் பிள்ளைகளுக்கு வேண்டிய கல்வியே.

பாதுகாப்பு மூன்றாவது தடை. வாளோ உளியோ இயங்கும்போது எவர் கையிலும் படக்கருவி இருக்கக் கூடாது. கருவி மேசைமேல் வைக்கப்பட்ட பிறகே படம். பிள்ளைகள் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவரப் பொதுவாக இடமில்லை. அதனால் வகுப்புக்கு ஒரே கருவி, பள்ளிக்கு உரியதாகவோ ஆசிரியர்க்கு உரியதாகவோ, இருந்தால் போதும். அது முறைவைத்துப் பிள்ளைகள் கைக்குச் செல்லட்டும். முகத்தை விடுத்துக் கையையும் மரத்தையும் மட்டுமே எடுப்பது என்று வைத்துக்கொண்டால், பிள்ளைகளின் படம் எங்கெங்கோ பரவும் கவலையும் இல்லை.

ஆசிரியரின் சுமை நான்காவது தடை. இருக்கும் வேலைக்கு மேல் இதுவும் ஒரு வேலையா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நாம் கேட்பது கூடுதல் படம் அன்று, குறைந்த படம். ஒரு பொருளுக்கு ஒரு பிள்ளை மூன்றே படம் எடுத்தால் போதும்: அறுக்கும் முன் குறியிட்ட பலகை, ஒட்டும் முன் பொருத்திப் பார்த்த மூலை, முடிந்த பொருளில் பிள்ளையே குறை எனக் கருதும் ஓர் இடம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. நாற்பது நினைவுப் படங்களைத் தொகுப்பதைவிட இது எளிது. பிள்ளையின் அடைவுநிலையை உறுதி செய்ய இவற்றைவிட நேர்மையான சான்றும் கிடைக்காது. கண்ணாக எடுத்த படம் சான்றாகவும் உதவும். சான்றாக மட்டும் எடுத்த படம் கண்ணாக உதவாது.

மூலமும் உரையும்

இனித் தமிழாசிரியர்க்கு உரிய பகுதிக்கு வருவோம். படத்தின் கீழ் எழுதும் இரண்டு வரியில்தான் எல்லாம் இருக்கிறது என்று கூறலாம். நூற்பாவுக்கு உரை எழுதியவர்கள் நம் முன்னோர். உரையில்லாத நூற்பா பலர்க்கு விளங்காது. நூற்பாவை விட்டு விலகிய உரையும் பயன்படாது. பிள்ளை எடுத்த படம் மூலம். அதன் கீழ் எழுதுவது உரை. ‘என் பெட்டி’ என்று எழுதினால் அது உரையாகாது. ‘உளியை ஒரே பக்கத்திலிருந்து செலுத்தினேன், துளையின் மறுபக்கம் பிளந்தது, அடுத்த துளையைப் பாதிவரை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும் வெட்டினேன்’ என்று எழுதினால் அது உரை. இதில் காரணம் இருக்கிறது, காலம் இருக்கிறது, திருத்தம் இருக்கிறது. கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த பொருள் வேறு எங்கே கிடைக்கும்?

இதன் அருமையை நம் நாட்டு நிலை இன்னும் தெளிவாக்கும். ஆறாம் ஆண்டுக்குப் பின் நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் ஒரு மொழிப்பாடம் மட்டுமே. ஏனைய பாடங்கள் வேறு மொழியில். ஆர்.பி.டி. பாடத்தைத் தமிழில் பயில்வது நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகளில் மட்டுமே. தன் கையால் செய்ததைப் பற்றித் தன் தாய்மொழியில் எழுதும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு வாழ்நாளில் இம்மூன்று ஆண்டுகளே கிடைக்கின்றது. இம்மூன்றாண்டுப் படங்களும் பதாகைக்குக் கீழே நின்று சிரிக்கும் படங்களாகவே முடிந்தால், இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், உப்புத்தாள் என்ற சொற்களை எழுதாமலே அப்பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்வான்.

மலாய்ச் சொற்களை விலக்க வேண்டும் என்பது கருத்தன்று. பாஹாட், கெத்தாம், கெர்காஜி என்பன அடுத்த ஆண்டே அவனுக்கு வேண்டிய சொற்கள். உளி, இழைப்புளி, வாள் என்பவற்றின் அருகில் அவற்றையும் எழுதட்டும். பொருள்களோடு சொற்களும் ஊர் விட்டு ஊர் செல்வது மலாக்காவுக்குப் புதிதன்று. போர்த்துக்கீசியர் இந்நகரை 1511இல் கைப்பற்றினர். அவர்கள் மொழியிலிருந்து மலாய் மொழி பெற்ற மேஜா, அல்மாரி, ஜென்டேலா என்ற சொற்களும், தமிழ் பெற்ற மேசை, அலமாரி, சன்னல் என்ற சொற்களும் உடன்பிறந்தவை. தமிழ் கொடுத்ததும் உண்டு. நம் பெட்டியே மலாயில் ‘பெத்தி’ ஆயிற்று. கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த மொழிக்கு இன்னொரு சொல் அருகில் நிற்பதால் கேடு வராது. தன் சொல் கையைவிட்டு அகன்றால்தான் கேடு.

கையும் மதிப்பும்

இவ்வளவு பேசியபின்னும் ஒரு கேள்வி எஞ்சும். தச்சு வேலைக்கு நம் பெற்றோர் மதிப்புக் கொடுப்பார்களா? அவர்கள் தயக்கத்திற்கு வரலாறு உண்டு. சென்னை மாநிலத்தில் 1953இல் இராசாசி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று கண்டிக்கப்பட்ட அது, காமராசர் முதலமைச்சரான 1954இல் கைவிடப்பட்டது. தச்சன் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்ற ஏற்பாட்டை மக்கள் ஏற்கவில்லை. மலாயாவிலும் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆனால் அப்பள்ளிகள் பலவும் பிள்ளையைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுசெல்லும் பள்ளிகளாக அமையவில்லை. கைவேலை என்றால் பின்தள்ளும் வேலை என்று நம் மக்கள் ஐயுறுவது இவ்வனுபவத்தின் விளைவு.

இந்த ஐயத்தைப் பேச்சால் நீக்க முடியாது. சுவீடன் நாட்டின் நாஸ் என்னுமிடத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆசிரியர்க்கு மரவேலைப் பயிற்சி தந்த ஓட்டோ சலோமன், பள்ளியில் மரவேலை தச்சரை உருவாக்குவதற்கு அன்று, பிள்ளையை உருவாக்குவதற்கே என்று கொண்டார். பிறப்பால் தொழிலை விதிக்கும் கல்விக்கும், எல்லாப் பிள்ளைக்கும் கையால் சிந்திக்கப் பழக்கும் கல்விக்கும் உள்ள வேறுபாடு இது. அந்தச் சிந்தனை நடந்ததா என்பதைப் பெற்றோர் தம் கண்ணால் காண வேண்டும். அழகான பெட்டியைக் கண்டால், ‘நன்றாக இருக்கிறது, கணக்கில் எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கோணிய வெட்டின் படம், அதன் காரணம், திருத்திய வெட்டின் படம், தம் பிள்ளையின் கையெழுத்தில் தெளிந்த தமிழில் இரண்டு வரி ஆகியவற்றைக் கண்டால், கணக்கும் அறிவியலும் மொழியும் அந்த மூலையில் ஒன்றுகூடி இருப்பதை உணர்வார்கள்.

டுரியான் துங்காலில் இன்று ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது; 2000ஆம் ஆண்டில் கல்லூரியாகத் தோன்றி 2007இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் வாயிலுக்கும் நம் தொடக்கப்பள்ளிப் பட்டறைக்கும் இடையே உள்ள தொலைவு பெரிதன்று. அத்தொலைவைக் கடக்கும் பிள்ளைக்கு வேண்டுவது, செய்ததைக் கூர்ந்து பார்க்கவும் பார்த்ததைச் சரியாகச் சொல்லவும் சொன்னபடி திருத்தவும் வேண்டிய பழக்கம். அடுத்த தச்சு வகுப்பில் படக்கருவியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, “உனக்குப் பிடிக்காத மூலையை முதலில் எடு” என்று ஓர் ஆசிரியர் கூறினால் போதும், அப்பழக்கம் தொடங்கிவிடும்.